ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர்

தெருக் கிரிக்கெட்டின் சட்ட திட்டங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேட் யாருடையதோ, அவர்தான் கேப்டன். பந்து வாங்கக் காசு போட்டவர் ஓப்பனிங் பேட்ஸ்மேன். கொஞ்சம் உயரமாக, தாடி வைத்திருந்தால் ஃபாஸ்ட் பௌலர். இப்படி எல்லாரும் பங்கு பிரித்துக்கொண்டு போன பிறகு, 'அப்ப நான்?' என்று ஓர் ஆத்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்குமே, அதுதான் விக்கெட் கீப்பர்!

புதுப்பட்டினத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமில் அந்த ஆத்மா அடியேன். கடற்கரைப் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் மைதானம். சவுக்குக் கழியை ஒடித்தால் ஸ்டம்ப். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து நாலு பேர், சதுரங்கப்பட்டினத்திலிருந்து மூன்று பேர், மீதி உள்ளூர். டென்னிஸ் பந்துதான், ஆனால் கடற்காற்றில் அது போகிற போக்கு வாசிம் அக்ரமுக்கே வராது. பேட்ஸ்மேன் விட்டால் கீப்பர் பிடிக்க வேண்டும். கீப்பர் விட்டால் பந்து சவுக்குத் தோப்புக்குள் போய்விடும். யார் எடுக்கப் போவது? கீப்பர்தான். முள், கருவாட்டு வாசனை, அங்கே படுத்திருக்கும் நாய் எல்லாம் அவருடைய இலாகா.

ஆபீஸில் டெஸ்பாட்ச் பிரிவு என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க முந்நூறு தபால் சரியாகப் போயிருக்கும். மானேஜர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். முந்நூற்றோராவது தபால் மாறிப் போகட்டும், 'அங்கே யாருய்யா உட்கார்ந்திருக்கறது?' என்று சத்தம் வரும். கீப்பர் வேலை அதேதான். 90 ஓவர் என்றால் 540 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். பிள்ளையாருக்குக்கூட யாரும் 540 தோப்புக்கரணம் போடுவதில்லை. 539 பந்தைப் பிடித்துவிட்டு ஒன்றை விட்டால் ஸ்கோர் புத்தகத்தில் 'பை' என்று ஏறிவிடும். பிடித்த 539-க்கு அங்கே கட்டமே கிடையாது!

இந்த வயிற்றெரிச்சலில்தான் பழைய கீப்பர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை டீக்கடையில் ஒரு கேள்வியாக எடுத்து விட்டேன்.

"டெஸ்ட் மேட்ச்ல முதல் பந்தை ஆடின இந்தியன் யாருடா?"

"சி.கே.நாயுடு."

"இல்லை."

"விஜய் மெர்ச்சன்ட்?"

"அவர் அந்த டூருக்கே போகலை மாப்ளே. காந்தி ஜெயில்ல இருக்கறப்போ வெள்ளைக்காரன்கூட விளையாட மாட்டேன்னுட்டார்."

டீ மாஸ்டர் 'கவாஸ்கர்' என்றார். கவாஸ்கர் பிறந்தது 1949-இல் என்றதும், அதுக்கு முன்னாடி யாருமே விளையாடலையா என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

விளையாடினார். பெயர் ஜனார்தன் ஞானோபா நாவ்லே. இந்தியாவின் முதல் டெஸ்ட் விக்கெட் கீப்பர். இந்தியா சார்பில் டெஸ்டில் முதல் பந்தைச் சந்தித்தவரும் அவரே. பேட்டிங்கைத் தொடங்கும் வேலை, ஸ்டம்புக்குப் பின்னால் காவல் காக்கும் வேலை, இரண்டும் ஒரே ஆள் தலையில்! அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஆளைப் பார்ப்போம்.

நாவ்லே பிறந்தது 1902 டிசம்பர் 7. மராட்டியர். பம்பாயில் அந்த நாளில் 'குவாட்ராங்குலர்' என்று ஒரு போட்டி வருடா வருடம் நடக்கும். நான்கு அணிகள்: ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம். இன்றைக்கு யாராவது இப்படி டீம் பிரித்தால் 144 போட்டுவிடுவார்கள். அன்று அதுதான் தேசத்தின் பெரிய கிரிக்கெட் திருவிழா. மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒரு பக்கம், கூடாரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அந்த இந்து அணிக்கு நாவ்லே 16 வயதில் கீப்பராக வந்துவிட்டார். நம் பையன்கள் பிளஸ் ஒன் குரூப் எடுக்கத் திணறும் வயசு!

குள்ளமான, சுறுசுறுப்பான ஆள். கீப்பருக்கு உயரம் தேவையில்லை. எப்படியும் பாதி நாள் குந்தித்தானே இருக்கப் போகிறார். ஸ்டம்பை ஒட்டி நின்று பந்தை வாங்கி, அதே மூச்சில் பெய்லைத் தட்டிவிடும் வேகம் அவருடைய கைக்கு இருந்தது. இது எவ்வளவு கஷ்டம் என்பதை டி.வி.யில் தோனியைப் பார்த்து வளர்ந்த நமக்குப் புரியவைப்பது சிரமம். அன்றைய ஆடுகளத்துக்கு மழை வந்தால் மூட துணி கிடையாது. பந்து எந்தப் பொந்திலிருந்து எந்தத் திசைக்குக் கிளம்பும் என்பது பௌலருக்கே தெரியாது. பேட்ஸ்மேன் மறைப்பதால் கீப்பருக்குப் பந்து கடைசி நொடியில்தான் தெரியும். அந்த நொடியில் விரல் நுனி கீழே பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்து பந்தைப் பார்த்தால் தீர்ந்தது, விரல் போச்சு. பழைய கீப்பர்களின் கையைப் போட்டோவில் பார்த்திருக்கிறீர்களா? விரல் ஒவ்வொன்றும் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஒரு திக்கில் வளைந்திருக்கும். அந்த நாள் க்ளவுஸ் மெல்லிய தோல். இங்கிலாந்தில் சில கீப்பர்கள் கசாப்புக் கடையிலிருந்து பச்சை இறைச்சித் துண்டு வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்களாம், கை தாங்குவதற்கு. வெயில் ஏற ஏற ஸ்லிப்பில் நின்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்!

இதே பிழைப்பு அமெரிக்காவிலும் உண்டு. பேஸ்பாலில் 'கேட்சர்' என்று ஒருவர் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தியிருப்பாரே, அவர் நம் கீப்பரின் பெரியப்பா மகன். 1869-இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற டீம், 'எங்க ஆட்கள் எல்லாரும் சம்பளத்துக்குத்தான் ஆடறாங்க' என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பியது. அமெரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் டீம் அது. அதன் கேட்சர் டக் ஆலிசன். வெறுங்கையால் பிடித்துப் பிடித்துக் கை புண்ணாகி, மறு வருஷம் மான்தோல் உறை மாட்டிக்கொண்டு வந்தார். பேஸ்பாலில் கையுறை போட்ட முதல் ஆட்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியதே அப்படித்தான். அந்த டீமை உருவாக்கிய ஹாரி ரைட், அதற்கு முன் நியூயார்க்கில் கிரிக்கெட் ஆடிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர் என்பது கொசுறு. இன்னொரு கொசுறு: 1907-இல் ரோஜர் ப்ரெஸ்னஹன் என்ற கேட்சர் காலில் பேடு கட்டிக்கொண்டு இறங்கினார். மைதானமே கேலி செய்தது. அந்தப் பேடுக்கு மாதிரி எது தெரியுமா? நம்ம கிரிக்கெட் பேடு!

கவனித்தீர்களா, 1869-இலேயே கேட்சருக்குச் சம்பளம். அதற்கு 60 வருஷம் கழித்து வந்த நம் நாவ்லேக்கு? ஆட வந்தால் பயணச் செலவு, சாப்பாடு, யாராவது ஒரு மகாராஜாவுக்கு மனசு குளிர்ந்தால் ஓர் உத்தியோகம். கிரிக்கெட் என்பது இங்கே ஒரு வேலையாகவே இல்லை. ராஜாக்களுக்குப் பொழுதுபோக்கு, மற்றவர்களுக்கு ஆசை.

1932-இல் இந்திய டீம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கேப்டன் போர்பந்தர் மகாராஜா. கேப்டன் எப்படித் தேர்வானார் என்று கேட்காதீர்கள், எங்கள் புதுப்பட்டினம் முறைதான். பேட் அவருடையது! அந்த டூரின் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த மொத்த ரன் 2. இருபது இல்லை, இரண்டுதான். அவரிடம் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம் என்று இங்கிலாந்தில் கிண்டல் செய்தார்கள். ஆனால் மனிதர் நல்லவர். டெஸ்ட் மேட்ச் வந்தபோது, தன்னால் ஆகாது என்று ஒதுங்கி, சி.கே.நாயுடுவிடம் தலைமையைக் கொடுத்துவிட்டார். தன் அளவு தெரிந்து நாற்காலியை விட்டுக் கொடுக்கிற மேலதிகாரியை நம் சர்வீஸில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

1932 ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன், லார்ட்ஸ் மைதானம். இந்தியாவின் முதல் டெஸ்ட். முதலில் பேட் செய்தது இங்கிலாந்து. இறங்கிய ஜோடி சட்கிளிஃப், ஹோம்ஸ். இவர்கள் யார் என்றால், பத்து நாளைக்கு முன்னால்தான் யார்க்‌ஷயருக்காக முதல் விக்கெட்டுக்கு 555 ரன் சேர்த்து உலக சாதனை செய்தவர்கள். பத்திரிகைகள், இந்தியர்கள் பாவம் என்று அனுதாபம் எழுத ரெடியாக இருந்தன.

முகமது நிஸார் ஓடி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பஞ்சாபி உடம்பு. சட்கிளிஃப் ஸ்டம்ப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் ஹோம்ஸ் ஸ்டம்பும் பறந்தது. அடுத்து வூலி ரன் அவுட். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 19! ஸ்டம்ப் கழன்று வந்து விழும்போது அதற்குப் பின்னால் நின்ற நாவ்லேயைக் கற்பனை செய்து பாருங்கள். பறக்கும் ஸ்டம்புகளை மைதானத்திலேயே மிக அருகில் இருந்து பார்த்த இந்தியர் அவர்தான். கீப்பருக்குக் கிடைக்கிற ஒரே அலவன்ஸ் இந்தக் காட்சிதான்.

பிறகு இங்கிலாந்து சுதாரித்துக்கொண்டது. கேப்டன் ஜார்டின் 79, விக்கெட் கீப்பர் லெஸ் ஏம்ஸ் 65. மொத்தம் 259-க்கு ஆல் அவுட். நிஸாருக்கு 5 விக்கெட். (ஏம்ஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.)

அடுத்து இந்தியாவின் பேட்டிங். நாவ்லேயும் நவூமல் ஜியோமலும் இறங்குகிறார்கள். இத்தனை ஓவர் குந்தி எழுந்த அதே கால்களோடு, கீப்பர் பேடைக் கழற்றி பேட்டிங் பேடைக் கட்டிக்கொண்டு, பெவிலியனிலிருந்து படி இறங்கி வருகிறார் நாவ்லே. எதிரே பில் போவ்ஸும் பில் வோஸும். அந்த வருஷக் குளிர்காலத்தில் ஜார்டின் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 'பாடிலைன்' என்று உடம்பைக் குறிவைத்துப் பந்து போட வைத்து உலகத்தையே அலற வைத்தாரே, அந்தப் படையில் இந்த இருவரும் உண்டு. அப்படிப்பட்டவர்களை ஹெல்மெட் இல்லாமல், தொப்பியோடு சந்தித்து, இந்திய டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் பந்தை ஆடினார் நம் ஆள்.

எடுத்தது 12. போவ்ஸ் பந்தில் போல்டு. இரண்டாம் இன்னிங்ஸில் 13. சின்ன எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு தடவையும் முதல் விக்கெட் விழும்போது ஸ்கோர் நாற்பதை ஒட்டி இருந்தது. புதுப் பந்தின் பளபளப்பைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள் நாவ்லேயும் நவூமலும். அந்த இன்னிங்ஸில் கேப்டன் நாயுடு எடுத்த 40-தான் நம் தரப்பில் அதிகம். இந்தியா 189, பிறகு 187. இங்கிலாந்து 158 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. மேட்சில் தோற்றாலும் மானம் போகவில்லை.

இனி ஏம்ஸ். அந்த மேட்சில் இரண்டு விக்கெட் கீப்பர்கள். இரண்டு பேரும் ஒரே ஸ்டம்புக்குப் பின்னால், அதே மண்ணில் குந்தி எழுந்தவர்கள். லெஸ் ஏம்ஸ் கென்ட் கவுன்டியின் புரொஃபஷனல். அதாவது கிரிக்கெட்டே உத்தியோகம், மாதச் செலவுக்கு அதுவே வருமானம். இங்கிலாந்தில் அப்போது ஜாதி மாதிரி ஒரு பிரிவினை இருந்தது. காசு வாங்காமல் ஆடும் கனவான்கள் 'அமெச்சூர்'. காசுக்கு ஆடுபவர் 'புரொஃபஷனல்'. இரண்டு பேருக்கும் தனித்தனி டிரெஸ்ஸிங் ரூம், மைதானத்துக்குள் வரத் தனித்தனி வாசல். ஸ்கோர் கார்டில் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போட்டால் அமெச்சூர், பின்னால் போட்டால் புரொஃபஷனல்! 1962 கடைசியில்தான் இந்தக் கூத்தை ஒழித்தார்கள். மரியாதை குறைச்சல்தான். ஆனால் சம்பளம் இருந்தது. ஏம்ஸ் அதை வைத்துக்கொண்டு 102 முதல்தர சதம் அடித்தார். ஓய்வுக்குப் பிறகு தேர்வுக் குழு உறுப்பினர், கென்ட் கிளப்பின் செயலாளர், மேனேஜர் என்று பதவிகள். அரசாங்கப் பட்டம் வேறு.

நாவ்லே?

1933 டிசம்பரில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட், பம்பாய் ஜிம்கானாவில். லாலா அமர்நாத் 118 அடித்து, பெண்கள் நகையைக் கழற்றிப் பரிசளித்தார்கள் என்று கதை கதையாகச் சொல்கிறோமே, அதே மேட்ச். நாவ்லே அதிலும் கீப்பர், அதிலும் ஓப்பனர். 13, 4. அத்துடன் சரி. அடுத்த கல்கத்தா டெஸ்டில் திலாவர் ஹுசேன் வந்துவிட்டார். வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. மண்டையில் பந்து பட்டு வெளியே போய், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து 59, மறு இன்னிங்ஸில் 57. 1934 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் நடந்தபோது ஸ்டம்புக்குப் பின்னால் நின்றதும் திலாவர்தான். எனவே நாவ்லே டெஸ்ட் ஆடுவதைப் பார்க்கும் பாக்கியம் மெட்ராஸ்காரர்களுக்குக் கிடைக்கவில்லை.

மொத்தக் கணக்கு: 2 டெஸ்ட், 42 ரன், 1 கேட்ச். முப்பத்தோரு வயசில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. நம்மில் பல பேருக்கு அந்த வயசில்தான் வேலையே கன்ஃபர்ம் ஆகிறது. அதற்குப் பிறகு அவருக்கு பி.எஃப்.பும் இல்லை, பென்ஷனும் இல்லை. பழைய டெஸ்ட் வீரர்களுக்கு போர்டு மாதப் பென்ஷன் கொடுப்பதெல்லாம் மிகப் பின்னால் வந்த சமாசாரம்.

ஆரம்பத்தில் 'அப்புறம் சொல்கிறேன்' என்றேனே, அது இதுதான். இந்தியாவின் முதல் விக்கெட் கீப்பர் பிற்காலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் காவலாளியாக வேலை பார்த்தார். புனேயில் இரண்டு அறை வீடு. ஆலை கேட்டில் கரும்பு லாரியை நிறுத்திக் கேள்வி கேட்ட அந்தக் கைதான், லார்ட்ஸில் நிஸார் போட்ட பந்தை வாங்கிய கை என்பது எத்தனை டிரைவருக்குத் தெரிந்திருக்கும்? காவலாளி வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு தலைமுறை கேட்டில் நின்றுதான் குடும்பத்தை ஓட்டினார்கள். என் கேள்வி வேறு. தேசத்தின் முதல் டெஸ்ட் பந்தை ஆடியவருக்கு ஒரு கிரிக்கெட் மைதானத்தில், சின்னப் பையன்களுக்கு கீப்பிங் சொல்லிக் கொடுக்கும் வேலை ஒன்று யாருக்குமே தோன்றவில்லையா?

நாவ்லே ஒருத்தருக்கு மட்டும் வந்த விதி என்று நினைக்கவும் முடியவில்லை. அவருக்கு அடுத்து வந்த கீப்பர்களில் ஒருவர் தத்தாராம் ஹிந்த்லேகர். பம்பாய் துறைமுக டிரஸ்டில் உத்தியோகம். 1936-இல் லார்ட்ஸில் ஓப்பனராகவும் கீப்பராகவும் ஆடி, விரல் எலும்பு பெயர்ந்து அடுத்த டெஸ்டில் உட்கார வேண்டியதாயிற்று. அவருடைய இடத்தில் மெர்ச்சன்டோடு ஓப்பனிங் போன முஷ்டாக் அலி சதம் அடித்து, இருவரும் சேர்ந்து 203 ரன் குவித்தார்கள். ஆபீஸில் நாம் மெடிக்கல் லீவில் போகும்போது ஆக்டிங் பார்த்தவர் பிரமோஷன் வாங்கிவிடுவாரே, அந்தக் கதை. ஆனாலும் பத்து வருஷம் கழித்து, 37 வயசில், 1946-இல் திரும்ப இங்கிலாந்துக்குப் போனார் மனுஷர். மான்செஸ்டரில் ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசி ஜோடி சோஹோனியும் ஹிந்த்லேகரும். 13 நிமிஷம். அவுட் ஆகாமல் நின்று மேட்சைக் காப்பாற்றினார்கள். பதின்மூன்று நிமிஷம் என்பது பல்லாவரத்திலிருந்து தாம்பரம் போகிற நேரம்தான். ஆனால் சுற்றி ஏழெட்டு இங்கிலீஷ்காரன் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அது ஒரு யுகம்.

1949 மார்ச்சில் ஹிந்த்லேகர் இறந்துபோனார். வயது நாற்பதுதான். தக்க வைத்தியம் பார்க்க வசதியில்லாமல் போய்விட்டது என்று அவருடைய சிநேகிதர்கள் வருந்தினார்கள். பெரிய குடும்பம். ஆடிய நான்கு டெஸ்டுமே இங்கிலாந்தில். உறவுப் பையன் ஒருவன் அவரைப் பார்த்து கிரிக்கெட் கற்றான். விஜய் மஞ்ச்ரேக்கர் என்று பின்னால் பெரிய ஆளாக வந்தான்.

மெட்ராஸ்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்த கீப்பர் புதி குந்தரன். மங்களூர் பக்கத்து முல்கியில் பிறந்தவர். 1960 புத்தாண்டில் பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அதுவரை ரஞ்சி மேட்ச்கூட ஆடியதில்லை. சொந்தமாக கீப்பிங் க்ளவுஸ் இல்லை, நரேன் தாமனேயிடம் இரவல் வாங்கிக்கொண்டார். வீட்டில் இடநெருக்கடி. அதனால் டெஸ்டுக்கு முந்தின ராத்திரி பார்க்கில் படுத்துத் தூங்கினார் என்று சொல்வார்கள். பேச்சுலர் ரூமில் ஏழு பேரோடு படுத்திருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். அடுத்த டெஸ்ட் மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். மூர் மார்க்கெட் பக்கம் இருந்ததே, பின்னால் நேரு ஸ்டேடியம் ஆனதே, அதுதான். அங்கே 71 விளாசினார். ரயில்வேயில் வேலை. ரயில்வே டீமுக்கு ஆடிய முதல் ரஞ்சி மேட்சில் டபுள் செஞ்சுரி.

1964 பொங்கல் சமயம். அதே ஸ்டேடியம், எதிரே இங்கிலாந்து. டீமில் கீப்பராக இருந்த ஃபரூக் எஞ்சினியருக்கு உடம்பு சரியில்லை. கூப்பிடு குந்தரனை. முதல் நாள் ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் போர்டில் குந்தரன் 170 நாட் அவுட்! மறுநாள் 192-இல் அவுட். (இதே மேட்சில்தான் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டுப் பார்த்தவர்களைத் தூங்க வைத்தார். ஒரே டிக்கெட்டில் இரண்டு விதமான படம்.) அந்தத் தொடரில் குந்தரன் எடுத்தது 525 ரன், இரண்டு சதம். இந்திய கீப்பர் ஒருவர் டெஸ்டில் எடுத்த அதிகபட்ச ஸ்கோராக அந்த 192 கிட்டத்தட்ட 49 வருஷம் நின்றது. 2013-இல் தோனி 224 அடித்து அதை முறியடித்ததும் சென்னையில்தான், சேப்பாக்கத்தில்.

525 ரன் எடுத்தவருக்கு அடுத்த தொடரில் என்ன கிடைத்தது என்கிறீர்கள்? பெவிலியனில்கூட நாற்காலி கிடைக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஆஸ்திரேலியா மெட்ராஸுக்கு வந்தபோது கீப்பர் இந்திரஜித்சிங்ஜி. நல்ல கீப்பர்தான், குறை சொல்ல எதுவுமில்லை. இருந்தாலும் 'எக்ஸலன்ட்' ரிப்போர்ட் வாங்கிய வருஷமே டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு குந்தரனின் மனசு புரியும். 1970-இல் ஸ்காட்லாந்துக்குக் குடிபோய்விட்டார். 2006-இல் அங்கேயே, கிளாஸ்கோவில் காலமானார்.

காலம் மாறிவிட்டது என்பீர்கள். மாறித்தான் இருக்கிறது. நம்ம சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக்கை 2014 ஐ.பி.எல். ஏலத்தில் டெல்லி 12.5 கோடிக்கு எடுத்தது. 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பண்டுக்கு லக்னோ கொடுத்தது 27 கோடி. ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை யாருக்குமே அவ்வளவு கொடுத்ததில்லை. அவர் யார்? விக்கெட் கீப்பர்! தெருவில் மிச்சமிருப்பவரைக் கீப்பராக நிறுத்தும் வழக்கத்தை இனியாவது நிறுத்துங்கள் என்று எங்கள் கேப்டனிடம் சொல்லிப் பார்த்தேன். 'இருபத்தேழு கோடி தரேன், முதல்ல தோப்புக்குள்ள போன பந்தை எடுத்துட்டு வா' என்றான்.

கடைசியாக இரண்டு தேதி மட்டும் சொல்லிவிடுகிறேன். 1979-இல் இங்கிலாந்து போன இந்திய டீமுக்கு நம் வெங்கட்ராகவன் கேப்டன். சையத் கிர்மானியை விட்டுவிட்டு கீப்பராக அழைத்துப் போனது மெட்ராஸ் பாரத் ரெட்டியை. (கிர்மானியும் பிறந்தது மெட்ராஸில்தான். க்ளவுஸ் வாங்க வழியில்லாமல் செங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கார்க் பந்தைத் தடுத்துப் பழகியவர். அவர் கதை இன்னொரு வாரத்துக்கு ஆகும்.) ஓவல் டெஸ்டில் ஜெயிக்க 438 ரன் வேண்டும். கவாஸ்கர் 221 அடித்துவிட்டுப் போய்விட்டார். விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. ஆட்டம் முடிந்தபோது இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பதே ஒன்பது ரன் பாக்கி. களத்தில் நின்ற இரண்டு பேர் கர்சன் காவ்ரியும் பாரத் ரெட்டியும். ரெட்டி 5 நாட் அவுட். அன்று செப்டம்பர் 4. புனே வரைக்கும் ரேடியோவில் கமென்டரி கேட்டிருக்கும்.

மூன்று நாள் கழித்து, 1979 செப்டம்பர் 7-ஆம் தேதி, புனேயில் ஜனார்தன் நாவ்லே காலமானார். வயது 76.